தறியை நிறுத்து, போன் வந்திருக்கு

எங்கள் தெருவில் போன் மணி அடித்தால் போனை எடுக்க ஓடுகிறவரைவிட, தறியை நிறுத்த ஓடுகிறவர்தான் வேகமாக ஓடுவார். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு போன். நூல்கடை மாமா வீட்டில், மர ஸ்டூலின் மேல், அத்தை பின்னிய நூல் உறை போர்த்திக்கொண்டு இருக்கும். கடைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் பட்டறை, எட்டுத் தறி. எட்டும் ஓடினால் எதிரே நிற்பவர் கத்துவதுகூடக் காதில் விழாது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் போன் மணியைக் கேட்பதற்கென்றே திண்ணையில் ஒரு பொடியனை உட்கார வைத்திருப்பார் மாமா. கோடை விடுமுறையில் அந்தப் பொடியன் நான்.

மணி அடித்ததும் உள்ளே ஓடிப்போய்க் கையை ஆட்ட வேண்டும். "தறிய நிறுத்துங்க, போன் வந்திருக்கு!" ஒவ்வொன்றாக எட்டும் அடங்கும். பிறகு ஈரோட்டிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு வியாபாரி, போன வாரம் அனுப்பிய பேலைப் பற்றி மூன்று நிமிடம் பேசுவார். பேசி முடித்ததும் தறி மறுபடி ஓடும். ஆனால் ஓடுகிற தறியை நிறுத்தி மறுபடி எடுத்தால், நின்ற இடத்தில் துணியில் ஒரு கோடு விழும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். வியாபாரி கண்ணுக்கு அது வெளிச்சமே இல்லாமலும் தெரியும். மாமா ரிசீவரை வைத்துவிட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்: "எட்டுக் கோடு. பேசுன பேச்சு கட்டுபடி ஆச்சா?"

கட்டுபடி. எங்கள் ஊரில் சாமி பெயருக்கு அடுத்தபடி அதிகம் உச்சரிக்கப்படும் சொல் இதுவாகத்தான் இருக்கும். தறி வாங்கலாமா, கடன் வாங்கலாமா, பையனை இஞ்சினியரிங் சேர்க்கலாமா, எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றுதான். வட்டி எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, ரிப்பேர் எவ்வளவு, மீட்டருக்கு என்ன நிற்கும்? இதை விரல் மடக்கியே போட்டுவிடுவார்கள். இந்தக் கணக்கை ஒரு ஐஐடி பேராசிரியர் போன் லைனுக்குப் போட்டுப் பார்த்தார் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நூல்கடை மாமாவுக்கு அவர் ஏதோ சொந்தக்காரர் போலத் தோன்றியது.

அந்தப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, 1953இல் கல்கத்தாவில் பிறந்தவர். கான்பூர் ஐஐடியில் பி.டெக்., அமெரிக்காவில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆசிரியர் வேலை. 1981இல் சென்னை ஐஐடிக்கு வந்து சேர்ந்தார். அன்றைய ஐஐடி, கெட்டிக்காரப் பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு முன் நாலைந்து வருடம் உட்கார்ந்திருக்கும் காத்திருப்பு அறை மாதிரி. பாடம் நடத்தி, படித்த பிள்ளையை மீனம்பாக்கம் அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் அடுத்த கும்பலுக்கு அதே பாடம். இவரோடு பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வெஸ் போன்ற சக பேராசிரியர்கள் சேர்ந்து தொலைத்தொடர்பு, கணினி வலைப்பின்னல் இரண்டுக்குமாக ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெயர் டெனெட்.

1991 வாக்கில் இந்தியா முழுக்க இருந்த போன் இணைப்புகள் சுமார் 50 லட்சம். மக்கள்தொகை 84 கோடிக்கு மேல். இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டுப் பையன் பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருந்தவர்கள் உண்டு. சாம் பிட்ரோடா 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், ஏர்கண்டிஷன் இல்லாத ஊரிலும் ஓடக்கூடிய 128 லைன் எக்ஸ்சேஞ்சைச் செய்து கிராமங்களுக்கு அனுப்பியிருந்தது. மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத் ஊருக்கு ஊர் முளைத்ததும் அந்தக் காலம்தான். ராத்திரி கட்டணம் குறையும்வரை பூத் வாசலில் காத்திருந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவசரமாகப் பேசியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பூத் என்பது ஊருக்கு ஒன்று. வீட்டுக்கு ஒன்று ஏன் வரவில்லை?

ஜுன்ஜுன்வாலா இதற்குப் போட்ட கணக்கு இப்படி. ஒரு புதிய லைன் கொடுக்க அப்போது முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் முதலீடு ஆகும். அந்த முதலுக்கு வட்டி, கருவியின் தேய்மானம், ஓட்டுகிற செலவு, ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் வந்தால்தான் நட்டமில்லை. நாற்பதாயிரத்துக்கு வருடம் பதினாலாயிரம் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஆயிரத்து நூறைத் தாண்டும். அன்றைக்கு மாதம் அவ்வளவு போன் பில் கட்டக்கூடிய குடும்பம் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான் தேறும். முதலீட்டைப் பத்தாயிரத்துக்கு இறக்கினால் மாத பில் முந்நூறு ரூபாய். அங்கே கதவு திறக்கிறது.

இதில் அவர் செய்த காரியம் என்னவென்றால், பணக்கார நாடுகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்ததுதான். அங்கே எல்லோர் வீட்டிலும் போன் எப்போதோ வந்துவிட்டது. ஏற்கெனவே இருக்கிற லைனில் இன்னும் என்ன வசதி சேர்க்கலாம் என்று அந்த நாட்டுப் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். லைனின் அடக்கவிலையைப் பாதியாக்குவதில் அவர்களுக்கு என்ன லாபம்? நமக்காக அதை அவர்கள் செய்து தருவார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் கருவி, பிறகு விலை என்பதுதான் ஆய்வுக்கூட வழக்கம். இவர்கள் விலையை முதலில் எழுதிவைத்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும் கருவியைத் தேடினார்கள். எங்கள் ஊரில் சேலையே அப்படித்தான் பிறக்கிறது. சந்தையில் இந்தச் சேலை இவ்வளவுக்கு மேல் போகாது என்று வியாபாரி சொல்லிவிடுவான். நூல் கவுண்டு, பாவு இழை, ஊடை நெருக்கம் எல்லாம் அந்தத் தொகையிலிருந்து பின்னோக்கித்தான் முடிவாகும்.

லைன் செலவில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று பார்த்தார்கள். எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்தின் விலை வருடா வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டு வாசல்வரை வரும் செம்புக் கம்பிதான் கொள்ளை கொண்டது. செம்பு விலை ஏறும். பள்ளம் தோண்டும் கூலி ஏறும். மழை பெய்தால் கேபிளில் தண்ணீர் இறங்கும். ராத்திரியில் கம்பியை அறுத்து எடைக்குப் போடுகிறவனும் உண்டு. கம்பியையே எடுத்துவிட்டால்?

செல்போன் அப்போதே வந்துகொண்டிருந்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு அது. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. ஜலகண்டாபுரத்துக்கு அது ஆகாத விஷயம். டெனெட் குழுவின் கண் வேறு ஒன்றின் மேல் விழுந்தது. ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் ஆபீஸுக்குள்ளும் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கம்பியில்லா போனுக்கென்று டெக்ட் என்ற தரநிர்ணயம் 1990களின் தொடக்கத்தில் வந்திருந்தது. மாடியில் குளித்துக்கொண்டே கீழே வைத்திருக்கும் போனில் பேசுவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். சில நூறு மீட்டருக்கு மேல் எட்டாது. ஆனால் விலை மலிவு, குரல் தெளிவு.

அதற்கு இன்னொரு குணமும் உண்டு. செல்போன் கோபுரங்களுக்கு எந்தக் கோபுரம் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே பெரிய திட்டம் போட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டும். டெக்ட்டில் அந்த வேலை இல்லை. பத்து அலைவரிசை, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேச்சு என்று 120 இடம் திறந்து கிடக்கும். எது காலியோ அதில் கருவியே போய் உட்கார்ந்துகொள்ளும். இரைச்சல் வந்தால் எழுந்து வேறு இடத்துக்கு மாறும். எங்கள் வாரச் சந்தையில் தக்காளிக்காரம்மா சாக்கை விரிக்கிற மாதிரிதான். யாரும் நம்பர் போட்டுத் தரவில்லை. ஆனாலும் சந்தை நடக்கிறது.

இந்த வீட்டுச் சாமானை ஊர் தாண்டி இழுக்க முடியுமா என்பதே கேள்வி. வீட்டுக் கூரையில் ஒரு சின்ன ஆன்டெனா, எதிரே கோபுரத்தில் ஒரு பெட்டி, இரண்டும் ஒன்றையொன்று மறைப்பில்லாமல் பார்த்தால் பத்துக் கிலோமீட்டர்வரை எட்டும் என்று செய்து காட்டினார்கள். நடுவில் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி ஒன்று வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர். கோபுரத்துப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தனியாக இழுக்காமல், பேச்சைக் கொண்டுபோகும் கம்பியிலேயே கீழிருந்து அனுப்பினார்கள். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அதற்கு வால்செட் என்று பெயர். அதில் சாதாரண போனைச் சொருகலாம், கம்ப்யூட்டரையும் சொருகலாம். பேசிக்கொண்டே இன்டர்நெட்டும் பார்க்கலாம். டயல்-அப் காலத்தில், யாராவது போன் எடுத்தால் இன்டர்நெட் அறுந்துபோன வீடுகளில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மொத்த ஏற்பாட்டுக்கும் கார்டெக்ட் என்று பெயர் வைத்தார்கள்.

சொல்லும்போது நாலு வரியில் முடிந்துவிட்டது. செய்ததற்கு வருடங்கள் ஆயின. அதைச் செய்தவர்கள் யார் என்பதில்தான் என் கதை இருக்கிறது.

பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரி செய்து, கட்டுரை எழுதி, அலமாரியில் வைத்துவிடுவது வழக்கம். மாதிரிக்கும் ஊர் கூரையில் வெயில் மழை தாங்கி நிற்கும் சரக்குக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனிகள் அந்தப் பள்ளத்தில் இறங்கத் தயாராக இல்லை. வெளிநாட்டுச் சரக்கை வாங்கி உரிமம் போட்டுப் பூட்டுவது அவர்களுக்குச் சுலபம். ஆகவே ஜுன்ஜுன்வாலா தன் பழைய மாணவர்களைத் தூண்டிவிட்டுக் கம்பெனி ஆரம்பிக்க வைத்தார். விமானம் ஏறியிருக்க வேண்டிய பிள்ளைகள். மிடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ் அப்படிப் பிறந்ததுதான். ஸ்டார்ட்அப் என்ற சொல்லே தமிழ்நாட்டில் புழங்காத காலம். ஐஐடி முடித்தவன் நிலையான வேலை இல்லாமல் நாலு பேரோடு வாடகை வீட்டில் சர்க்யூட் பலகை பற்றவைக்கிறான் என்றால் பெண் கொடுக்க யோசித்திருப்பார்கள்.

பணம்? வென்ச்சர் கேப்பிடல் என்று இன்று சொல்கிறோமே, அது அன்று கேள்விப்படாத ஊர்த் தெய்வம். இவர்கள் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்த இடம். கருவி முழுசாகத் தயாராவதற்கு முன்பே, அதைத் தயாரித்து விற்கும் உரிமத்தைச் சில தொழிற்சாலைகளுக்கு விற்று, அந்த முன்பணத்தில் ஆராய்ச்சியை ஓட்டினார்கள். கிராம்ப்டன் கிரீவ்ஸ், சென்னையின் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், ஹைதராபாத்தின் இசிஐஎல், ஷியாம் டெலிகாம் போன்றவை உரிமம் எடுத்தன. சிப்புக்கு அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் கைகொடுத்தது. பாவு நூலுக்கு முன்பணம் வாங்கித் தறி ஓட்டுகிற கதைதான். எங்கள் ஊரில் அதில் மானம் போகிற விஷயம் ஒன்றும் இல்லை.

மிடாஸைச் சுற்றி ஒவ்வொன்றாக இன்னும் சில முளைத்தன. பான்யன் நெட்வொர்க்ஸ், இருக்கிற செம்புக் கம்பியிலேயே எப்போதும் இன்டர்நெட் தரும் கருவியைச் செய்தது. (பான்யன் என்றால் ஆலமரம், திருப்பூர்க்காரர்கள் வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) வலைப்பின்னலை மேற்பார்க்கும் மென்பொருளுக்கு என்எம்எஸ் ஒர்க்ஸ். ஒருவர் செய்வது இன்னொருவருக்குப் பூட்டு, இன்னொருவர் செய்வது மற்றவருக்குச் சாவி. எங்கள் ஊரில் பாவு ஓட்டுகிறவர், சாயம் போடுகிறவர், தார் சுற்றுகிறவர், தறிக்குப் பல் சக்கரம் வார்ப்பவர் எல்லோரும் நாலு தெருவுக்குள் இருப்பதால்தானே தறி ஓடுகிறது? டெனெட் குழு அப்படி ஒரு நாலு தெருவை ஐஐடி வளாகத்தை ஒட்டி உண்டாக்கியது.

கார்டெக்ட் விலை, பத்தாயிரத்தை நோக்கி இறங்கியது. வெளிநாடு போயிற்று, பிஜி, மடகாஸ்கர், கென்யா என்று சில நாடுகள் வாங்கின. உள்நாட்டில் தொலைத்தொடர்புத் துறை சோதனை, மறு சோதனை என்று வருடங்களை எடுத்துக்கொண்டது. ஜுன்ஜுன்வாலாவுக்கு 2002இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வேகமாக வந்துவிட்டது, ஆர்டர்தான் தாமதம்.

டெனெட்டிலிருந்து பிறந்த இன்னொரு கம்பெனி என்-லாக். டவுனில் வியாபாரம் செய்ய மாட்டோம், கிராமத்தில் மட்டும்தான் என்று தொடங்கியது அது. கேபிள் டிவிக்காரரைப் பார்த்துக் கற்ற பாடம். எந்தப் பெரிய கம்பெனியும் சொல்லாமல், எந்த அரசாங்கமும் திட்டம் போடாமல், தெருவுக்குத் தெரு ஒரு பையன் டிஷ் வைத்துக் கம்பி இழுத்து மாதம் நூறு ரூபாய் வசூலித்து நாடு முழுக்கக் கேபிள் டிவியைக் கொண்டுவந்துவிட்டான். வீட்டுக்காரர் சண்டை போட்டால் சாயங்காலமே வந்து சரிசெய்வான், ஏனென்றால் அவன் அதே தெருக்காரன். அதே மாதிரி தாலுகா டவுனில் ஒரு உள்ளூர் தொழில்காரர் கோபுரம் வைப்பார்; அவரைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் ஒருவரோ ஒருத்தியோ கம்ப்யூட்டர் மையம் நடத்துவார். கம்ப்யூட்டர், வால்செட், வெப்கேமரா, பேட்டரி, தமிழில் தட்டச்சு செய்ய மென்பொருள், எல்லாம் சேர்த்து ஒரு மையத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வாக்கில். மாதம் மூவாயிரம் வந்தால் கட்டுபடி. மறுபடி அந்தச் சொல்.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஐஐடி, ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் கைகோத்து இதைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தன. மறு வருடம் துணி வசூலுக்காக மதுரைப் பக்கம் போன நான், மேலூர் தாண்டி ஒரு ஊரில் பஸ்ஸுக்காக நின்றபோது அப்படி ஒரு மையத்தைப் பார்த்தேன். ஓட்டுக் கூரையின் மேல் கம்பத்தில் முறம் மாதிரி ஒரு ஆன்டெனா. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பாட்டி. அவர் கண்ணுக்குக் கிட்டே வெப்கேமராவைக் கொண்டுபோய், "ஆத்தா, இமைய மூடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள் மையத்தை நடத்திய பெண். அந்தப் படம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகும். கண்ணில் புரை இருக்கிறதா, நேரில் வர வேண்டுமா என்று பதில் வரும். பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன்ப்பா, இந்தப் பொட்டிக்குள்ள எங் கண்ணு மதுரைக்குப் போயிருச்சா?" சுவரில் வால்செட் ஒட்டியிருந்தது. அதன் மேல் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்ததாக இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் வருமானத்தைப் பற்றிக் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா? பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருவதில் கொஞ்சம், போட்டோ எடுத்துத் தருவதில் கொஞ்சம், பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அனுப்புவதில் கொஞ்சம். "ஜாதகம் பாக்கத்தான்ணே கூட்டம் வருது" என்றாள்.

பத்து வருடத்துக்குள் அந்த மையங்களில் பலவும் மூடிவிட்டன. தாலுகா ஆபீசில் ஆள் மாறினால் விண்ணப்பம் அனுப்பும் வேலை நின்றது. கருவி பழுதானால் ஆள் வரத் தாமதம். எல்லாவற்றையும்விட, செல்போன் விலை தலைகுப்புற விழுந்தது. 2003இல் வருகிற அழைப்புக்குக் காசில்லை என்று ஆனது. அதே வருடம் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கையில் போனைக் கொடுத்தது. 2004இல் நாட்டில் செல்போன்களின் எண்ணிக்கை தரைவழி போன்களைத் தாண்டியது. கூரையில் முறம் கட்டிச் சுவரில் பெட்டி மாட்டும் ஏற்பாடு, சட்டைப் பையில் போகும் போனுக்கு முன்னால் என்ன செய்யும்? ஜலகண்டாபுரத்தில் ஒரு கார்டெக்ட் ஆன்டெனாவை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே அதன் காலம் முடிந்துவிட்டது.

தோற்றது என்று சொல்வதா? போனைப் பொறுத்தவரை ஆமாம். மழுப்ப வேண்டியதில்லை. ஜுன்ஜுன்வாலா சொன்ன கணக்கு சரி. அதைச் செய்து காட்டியவர்கள் வேறு ஆட்கள். லைன் விலையை இறக்கினால் எல்லோரும் வாங்குவார்கள் என்றார், வாங்கினார்கள், வேறு கடையில். இது வியாபாரத்தில் நடக்கிறதுதான். எங்கள் தெருவில் முதலில் ஜரிகைக் கரை போட்டவர் ஒருவர். காசு பார்த்தவர் இன்னொருவர்.

ஆனால் அந்த நாலு தெரு நிலைத்துவிட்டது. 2006இல் கிராமப்புறத் தொழில்களுக்கென்றே ஐஐடியில் ஆர்டிபிஐ என்ற தொழில் வளர்ப்பகம் வந்தது. திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் உட்கார்ந்தபடி நகரத்துக் கம்பெனிகளின் கணினி வேலையைக் கிராமத்துப் பெண்களும் பையன்களும் செய்த தேசிகுரூ அங்கே வளர்ந்ததுதான். பிறகு பவானிப் பக்கம் ஆப்பக்கூடலிலும் மையம் போட்டார்கள். விவசாயிகள் போனில் தம் பாஷையில் பேசினால் கணினி புரிந்துகொள்ள வேண்டும் என்று 2008இல் தொடங்கிய யூனிஃபோர் இன்று அமெரிக்கா வரை போய்விட்ட பெரிய கம்பெனி. 2010இல் தரமணியில் ஐஐடி ரிசர்ச் பார்க்கின் முதல் கட்டடம் திறந்தது. இப்போது அது சுமார் 12 லட்சம் சதுர அடி. அங்கே இடம் பிடிக்கும் பெரிய கம்பெனி வாடகையை மட்டும் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி, பேராசிரியர்களோடு கூட்டு ஆராய்ச்சி என்று ஏதாவது செய்து புள்ளி சேர்க்க வேண்டும். வாடகைக்குக் குடிவந்தவன் வீட்டுக்காரர் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது மாதிரி ஒரு நிபந்தனை. ஐஐடியின் முன்னாள் மாணவர்கள் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏதர் மின் ஸ்கூட்டர், ஐஐடியின் தொழில் வளர்ப்பகத்தில் தவழ்ந்து பிறகு ஓசூரில் தொழிற்சாலை போட்டது. எங்கள் ஊர்ச் சந்து பொந்துகளில் இப்போது சத்தமில்லாமல் போகிறது அந்த வண்டி. தறிச் சத்தத்தில் மற்ற வண்டிகளும் அப்படித்தான் போகும் என்பது வேறு விஷயம்.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2012இல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாமல் தறிக்காரர்கள் பட்ட பாடு எழுதி மாளாது. அந்தச் சமயத்தில் ஜுன்ஜுன்வாலாவும் பாஸ்கர் ராமமூர்த்தியும் ஒரு யோசனை சொன்னார்கள். மொத்தமாக வெட்டுவதற்குப் பதில், வீட்டுக்குள் தனியாக 48 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி ஒன்று போட்டு, எப்போதும் சிறிதளவு மின்சாரம் விட்டுக்கொண்டே இருந்தால் விளக்கும் ஃபேனும் நிற்காது. தறிக்கு அது போதாது. ஆனால் தறி நின்ற ராத்திரியில் பிள்ளைக்குப் படிக்க விளக்கும் கொசுவுக்கு ஃபேனும் கிடைத்திருக்கும். விலையோ மின்சாரமோ, எல்லையை முதலில் எழுதிவைத்துக்கொண்டு யோசிக்கிற பழக்கம் அவரை விடவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

எங்கள் சேலத்துக்கும் இப்போது இப்படிச் சில வந்துவிட்டன. சோனா கல்லூரிக்காரர்கள் செய்த மோட்டார், சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டில் போயிற்று. கருப்பூரில் 2024இல் டைடல் நியோ பூங்கா திறந்தார்கள். புதுத் தொழில்களுக்கான அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன்னின் வட்டார மையமும் சேலத்தில் இருக்கிறது. கட்டடம் எழும்பியதெல்லாம் சரி. ஒரு ஜுன்ஜுன்வாலா அங்கே தினமும் வந்து உட்கார்ந்து, "இதை எவ்வளவுக்கு விற்பாய்?" என்று பிள்ளைகளை நச்சரித்தால்தான் தெரு உண்டாகும் என்பது என் எண்ணம். கட்டடம் கட்ட ஒரு வருடம். அந்த நச்சரிப்புக்கு அவருக்கு முப்பது வருடம் ஆனது.

என் அக்கா மகன் சேலத்தில் இஞ்சினியரிங் முடித்தவன். கோவைக்கோ பெங்களூருக்கோ போவான் என்று பார்த்தால் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. தறியின் பக்கத்துச் சட்டத்தில் காந்தத்தால் ஒட்டிவிட்டால் அதிர்வை வைத்துத் தறி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று கண்டுகொள்ளும். பாவு இழை அறுந்தோ ஊடை தீர்ந்தோ தறி நின்றால், ஓட்டுகிற ஆள் கவனிக்காமல் டீக்கடையில் இருந்தாலும், முதலாளியின் போன் அடிக்கும். அன்று போனுக்காகத் தறியை நிறுத்தினோம். இவன் தறி நின்றால் போனை அடிக்க வைக்கிறான்.

நூல்கடை மாமாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பட்டறை அவர் மகன் கையில். எட்டு, இருபது ஆகியிருக்கிறது. ஆனாலும் பெட்டியை மாமாவிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டினான். பக்கத்திலேயே நானும் இருந்தேன். இரண்டு தறியில் ஒட்டிவிட்டு, ஒன்றைக் கையால் நிறுத்தினான். மாமாவின் மடியிலிருந்த போன் நடுங்கியது. மாமா அதை எடுத்துக் காதில் வைத்து, "அலோ" என்றார். யாரும் பேசவில்லை. பையன் சிரித்துவிட்டு விளக்கினான். மாமா பெட்டியைக் கையில் வாங்கி, திருப்பி, குலுக்கி, முகர்ந்துகூடப் பார்த்தார்.

"ஒண்ணு என்ன வெல கண்ணு?"

"ஆயிரத்தி எட்நூறு ஆகுதுங்க தாத்தா. சாமானே ஆயிரத்தி நானூறு."

மாமா ஓடுகிற தறிகளைப் பார்த்தபடி விரல் மடக்கினார். இருபது தறி. ஒரு நாளைக்கு ஒரு தறி எத்தனை தடவை நிற்கும், எத்தனை நிமிடம் யாரும் பார்க்காமல் நிற்கும், மீட்டருக்கு என்ன கூலி. கட்டை விரல் மூன்று சுற்று வந்தது.

"எட்நூறுக்குக் கொண்டா, இருவதும் வாங்கிக்கறேன்."

பையன் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து மேஜை மேல் கொட்டினான். பேட்டரி, அதிர்வுணரி, சிம் செருகும் பலகை, காந்தம், பெட்டி. பக்கத்தில் நோட்டை விரித்து மேலே 800 என்று எழுதி வட்டம் போட்டான். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே விலை எழுதினான். ஒவ்வொரு தறிக்கும் ஒரு சிம் எதற்கு, இருபதுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே பெட்டி வைத்துக் கம்பியில்லாமலே பேச வைத்தால் என்ன என்று என்னைக் கேட்டான். எனக்கு மேலூர் சுவரில் பார்த்த வால்செட் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவன் சிம் பலகையைத் தனியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விட்டான்.